சலித்து அனுப்பிய மண்

லா லகூனா, 9 மே 1962

அன்புள்ள தங்கை ஒப்துலியாவுக்கு,

நீ அனுப்பிய மண் பொட்டலமும் கடிதமும் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தன. முதலில் பொட்டலத்தைத்தான் பிரித்தேன். தவறாக எடுத்துக்கொள்ளாதே. எப்படி மண் எடுப்பது என்று முன்பு கேட்டு எழுதியவன் உன் மகன்தான்; அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு உன்னிடமிருந்தே வந்த முதல் கடிதம் இது. அதில் என்ன இருக்குமோ என்று பயமாக இருந்தது. மண்ணில் என்ன இருக்கும் என்பது எனக்கு ஓரளவு பழகிய விஷயம்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துச் சொல். தாஸாகோர்த்தேயில் நம் வாழைத் தோட்டத்தின் குத்தகை முடிந்துவிட்டது. நிலத்துக்காரர் அங்கே வாழைத்தார் கட்டும் கொட்டகை போடப்போகிறார். நிலம் அவருடையது, ஆனால் மண் நம்முடையது. அப்பா மலையிலிருந்து கழுதை மேல் ஏற்றிக் கொண்டுவந்து கொட்டிய மண் அது. நம் ஊர் வழக்கப்படி சான் ஹுவான் திருநாளுக்குள் அதை நாம் அள்ளிக்கொண்டு போகலாம். அதற்குப் பிறகு அது அவருடையது. வெனிசுவேலாவிலிருந்து திரும்பியிருக்கும் உன் மகன் லிசார்தோ, நாற்பத்தொன்பதில் எரிமலை கக்கிய கற்பரப்பில், கடலோரமாக ஓர் இடம் வாங்கி, பாறையை உடைத்து மட்டம் செய்து, சுற்றுச்சுவரும் கட்டிவிட்டான். சுவர் இருக்கிறது, தண்ணீர்ப் பங்கு இருக்கிறது, மண் மட்டும் இல்லை. அப்பாவின் மண்ணை அங்கே பரப்பி வாழை வைக்க வேண்டும். அதற்குமுன் அந்த மண்ணில் நூற்புழு இருக்கிறதா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். இவ்வளவுதானே?

நான் ஓய்வுபெற்று நான்கு வருஷம் ஆகிறது. இருந்தாலும் ஆராய்ச்சி நிலையத்தில் என் பழைய உதவியாளன் சதுர்னினோ எனக்கு ஜன்னலோர மேஜையையும் ஒரு நுண்ணோக்கியையும் விட்டுவைத்திருக்கிறான். மண்ணை மூன்று பங்காகப் பிரித்து, மூன்றையும் தனித்தனியாக ஊறவைத்துப் பார்த்தேன். வாழை வேரைத் துளைக்கும் புழு எதுவும் தென்படவில்லை. வேறு புழுக்களும் இல்லை. வாழையைத் தோண்டி எடுத்து ஒரு வருஷம் ஆகிவிட்டதால் பட்டினியில் செத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சுத்தமான மண் என்று எழுதச் சற்றுத் தயங்கினேன். அந்தச் சொல் எனக்கு எப்போதுமே கொஞ்சம் பெரியது. ஆனால் மூன்று பங்கிலும் எதுவும் இல்லாதபோது வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மண்ணைக் கொண்டுபோகலாம்.

இவ்வளவு பொடியான மண்ணை நான் பார்த்ததே இல்லை. அப்பாவின் கைராசிதான்.

லிசார்தோவுக்கு என் ஆசிகள்.

உன் அண்ணன்,
எவெலியோ


தாஸாகோர்த்தே, 17 மே

அண்ணே,

உன் கடுதாசி வந்துச்சு. லிசார்தோ அதைச் சத்தமா படிச்சான். "சுத்தமான மண்" அப்படின்ற இடத்துல நிறுத்தி, மறுபடியும் படிச்சான். அவன் சிரிச்சு நான் பாத்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா. வந்ததுலேர்ந்து அவன் பெட்டியைப் பிரிக்கவே இல்ல. கதவு ஓரமா கயிறு கட்டினபடியே நிக்குது. சட்டை வேணும்னா கயித்தை அவிழ்ப்பான், எடுப்பான், மறுபடியும் கட்டிடுவான். "ஏண்டா, அலமாரில வெச்சா உன் சட்டை கடிச்சிடுமா?"ன்னு கேட்டா, "இருக்கட்டும்மா, வாழை முதல் குலை தள்ளட்டும், பிரிக்கலாம்"ங்கறான். தினமும் அந்தப் பெட்டியைச் சுத்திக்கிட்டுத்தான் வீடு கூட்டறேன். பதினோரு வருஷம் அவன் இல்லாத வீட்டைக் கூட்டினவ நான். இந்தப் பெட்டி மறுபடியும் வாசல் தாண்டிப் போச்சுன்னா அப்புறம் எனக்குக் கூட்டறதுக்கு ஒண்ணும் இருக்காது.

பெனிக்னோவோட லாரி திங்கக்கிழமை, இருபத்தெட்டாம் தேதி வருது. அவனுக்கு அன்னைக்குத்தான் தோதுப்படுதாம். "ஒப்துலியா அக்கா, உங்கப்பன் கழுதைல பத்து வருஷமா கொண்டாந்ததை நான் ஒரே வாரத்துல கொண்டுபோயிடுவேன், அந்தக் கிழவன் பாத்தா அழுவான்"ங்கறான். "நீ கழுதையை விட மெதுவாத்தான் வருவே, போடா"ன்னேன்.

மண்ணு பொடியா இருக்குன்னு ஆச்சரியப்பட்டியே. பொடியா இல்லாம எப்படி இருக்கும்? நீ எங்க எங்க தோண்டணும், எவ்வளவு ஆழம் தோண்டணும்னு ரெண்டு பக்கம் எழுதியிருந்தே. எல்லாம் அதே மாதிரி செஞ்சேன். தோண்டினதும் பாத்தா ஒரே வேரும் குப்பையும். உன் ஆபீசுல படிச்சவங்க எல்லாம் பாப்பாங்க, இதுதான் எவெலியோ குடும்பத்து மண்ணான்னு சிரிக்க மாட்டாங்களா? வேரு, தழை எல்லாம் பொறுக்கி எடுத்துட்டேன். மொட்டை மாடியில வெள்ளைத் துணி விரிச்சு நல்ல வெயில்ல நாலு நாள் காய வெச்சேன். ஈரமா அனுப்பினா தபால்ல பை கிழிஞ்சு போகாதா. அப்புறம் கோஃபியோ மாவு சலிக்கிற சல்லடை இருக்கில்ல, அம்மாவோடது, அதுலயே சலிச்சேன். மாவு மாதிரி வந்துச்சு. அதைத்தான் நீ பாத்தே. அப்பாவோட கைராசியாம். என் கைராசி.

பொறுக்கின தழை வீணாப் போகல. முயலுங்களுக்குக் கொண்டாட்டம். வாழை எடுத்ததுலேர்ந்து அந்தத் தோட்டத்துல கீரை என்னமா மண்டிக்கிடக்கு தெரியுமா. பருப்புக்கீரை, மணத்தக்காளி, ஒடிச்சா பால் வருமே அந்த முயல்கீரை. பிடுங்காம அப்படியேதான் விட்டு வெச்சேன். முயல் தீனிக்கு ஒரு வருஷமா வெளில போகவே இல்ல.

இவ்வளவு நல்ல சேதி சொல்லியிருக்கே, நேர்ல வந்து பாத்தா என்ன? அம்மா சாவுக்கு வந்தப்ப கப்பல்ல வாந்தி எடுத்தேன்னு பத்து வருஷமாவா வராம இருப்பாங்க? ஃபெர்மின் வெனிசுவேலாவுக்குப் போனப்பவும் நீ வரல. மூணு கடுதாசிதான் போட்டே. திருட்டுப் படகுல போகாதே, பாய்மரம் பழசு, கடல் சரியில்லைன்னு. அந்தப் படகு நல்லபடியாத்தான் போய்ச் சேந்துச்சு. என் புருஷனைக் கொண்டுபோனது அங்க வந்த காய்ச்சல். நீ பயப்படற விஷயம் எதுவும் நடக்காது அண்ணே. பயப்படாத விஷயம்தான் நடக்கும்.

சரி, விடு. சுத்தம்னு எழுதினியே, அது போதும்.

ஒப்துலியா


லா லகூனா, 23 மே

அன்புள்ள ஒப்துலியா,

மண்ணை நகர்த்த வேண்டாம். மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம். இதை முதல் வரியாக எழுத வேண்டும் என்று முடிவுசெய்ய எனக்கு ஒரு காலைப்பொழுது ஆயிற்று.

உன்மேல் எந்தத் தவறும் இல்லை. எங்கே தோண்டுவது என்று இரண்டு பக்கம் எழுதிய நான், தோண்டியதை என்ன செய்யக் கூடாது என்று ஒரு வரி எழுதவில்லை. மண்ணைக் காயவைப்பாய், சலிப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு பொடியான மண்ணைப் பார்த்தபோதாவது தோன்றியிருக்க வேண்டும். அப்பாவின் கைராசி என்று எழுதினேன். அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

விஷயம் இதுதான். நூற்புழு ஈரத்தில் வாழும். நாலு நாள் வெயிலில் காய்ந்த மண்ணில் அது உயிரோடு இருக்காது. அதன் முட்டைகளும் பெரும்பாலும் வேருக்குள், வேரின் முடிச்சுகளில் இருக்கும். நீ வேரைப் பொறுக்கி எடுத்துவிட்டாய். ஆகவே எனக்கு வந்தது புழுவும் முட்டையும் நீக்கிய மண். அதில் எதுவும் இல்லை என்று நான் சொன்னது உண்மை. உன் தோட்டத்து மண்ணைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. என்னை அதிகமாக உறுத்துவது அதுதான். வாழையை எடுத்து ஒரு வருஷம் ஆயிற்று, புழு பட்டினியில் செத்திருக்கும் என்று எழுதியிருந்தேன். தோட்டம் வெறுமையாகக் கிடக்கிறது என்று நானாக எண்ணிக்கொண்டேன். ஆனால் கீரை மண்டிக் கிடக்கிறது என்கிறாய். இந்தப் புழுவுக்கு வாழைதான் வேண்டும் என்று இல்லை. மணத்தக்காளி வேரில் நன்றாகவே வாழும். பருப்புக்கீரையிலும் முயல்கீரையிலும் குடியிருக்கும். செடியைப் பார்த்தால் தெரியாது. இலை பச்சையாக, செழிப்பாகவே இருக்கும். வாழை போன பிறகு அந்தக் களைகள்தான் ஒரு வருஷமாக அதற்குச் சோறு போட்டிருக்கின்றன என்று அஞ்சுகிறேன். அப்படியானால் அந்த மண்ணோடு புழுவையும் லாரியில் ஏற்றிப் புது இடத்துக்கு அனுப்புகிறோம். முதல் குலை நன்றாக வரும். இரண்டாம் வருஷம் கன்றுகள் இளைக்கும். மூன்றாம் வருஷம் காற்றடித்தால் மரம் வேரோடு சாயும். லிசார்தோ அப்போதும் போய்விடுவான். கையில் ஒன்றும் இல்லாமல் போவான்.

ஒருவேளை நான் நினைப்பது தவறாக இருக்கலாம். அதனால் இப்படிச் செய். மணத்தக்காளிச் செடிகள் சிலவற்றை மண்வெட்டியால் அடியோடு பெயர்த்து எடு. வேரை உதறாதே, கழுவாதே, காயவைக்காதே. மண்ணோடு அப்படியே ஈரச் செய்தித்தாளில் சுற்றி அனுப்பு. யார் சிரித்தாலும் சிரிக்கட்டும்.

இந்தக் கடிதம் திங்கட்கிழமைக்குள் வருமா என்று தெரியவில்லை. தந்தி கொடுக்கலாம் என்று தந்தி ஆபீஸ் வரை போனேன். அங்கிருந்த பெண் "என்ன எழுதணும்?" என்று கேட்டாள். சரியாகச் சொல்ல நான்கு பக்கம் வேண்டுமே என்று திரும்பி வந்துவிட்டேன். நாளை மறுபடியும் போகிறேன்.

ஃபெர்மின் விஷயத்தில் நீ சொன்னது சரி.

எவெலியோ


தந்தி. லா லகூனா, 28 மே, காலை

மண்ணை நகர்த்தாதே. நான் சொன்னது தவறு. கடிதம் வருகிறது. எவெலியோ


தாஸாகோர்த்தே, 30 மே

அண்ணே,

உன் தந்தி திங்கக்கிழமை வந்துச்சு. கடுதாசி நேத்துதான் வந்துச்சு. கப்பல் தாமதமாம். நாளைக்குப் போறேன்னு எழுதியிருக்கியே, வியாழன் வெள்ளி சனியெல்லாம் என்ன பண்ணிக்கிட்டு இருந்தே? எந்த வார்த்தை போடறதுன்னு யோசிச்சிருப்பே. எனக்குத் தெரியும்.

நடந்ததைச் சொல்றேன். நீ திட்ட மாட்டே. திட்டத் தெரிஞ்சவனா இருந்தா நல்லா இருக்கும்.

பெனிக்னோ விடியக்காலையிலேயே வந்துட்டான். முதல் லாரி ரொப்பிக்கிட்டு இருக்கும்போது தபால்காரர் வந்து தந்தியைக் கொடுத்தாரு. வாங்கிப் படிச்சேன். லிசார்தோ அந்தப் பக்கம் மண்வெட்டியோட நின்னு பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தான். பாட்டுப் பாடறான் அண்ணே. "யார்கிட்டேர்ந்தும்மா தந்தி?"ன்னான். "உன் மாமா. வாழ்த்து சொல்லியிருக்கார்"னேன். மடிச்சு மேல்துணிப் பையில போட்டுட்டேன். நீ எப்பவும் போடற எச்சரிக்கைதானேன்னு மனசுக்குச் சொல்லிக்கிட்டேன். படகு நல்லபடியா போய்ச் சேந்துச்சே, இதுவும் சேரும்னு. முதல் லாரி போச்சு. ரெண்டாவதும் போச்சு.

மத்தியானம் சாப்பாடு வெச்சேன். உப்பு மீனும் உருளைக்கெழங்கும். பெனிக்னோ ஒரு வாய் தின்னுட்டு, "அக்கா, இன்னைக்கு உப்பே போடல, யாராவது செத்துட்டாங்களா?"ன்னான். உப்பு மீன்ல உப்பு இல்லாம எப்படிப் போகும். அன்னைக்கு எல்லாத்தையும் நான் ஊறவெச்சு ஊறவெச்சு பிழிஞ்சிருக்கேன். அப்பத்தான் தந்தியை எடுத்து லிசார்தோ தட்டுப் பக்கத்துல வெச்சேன்.

அவன் படிச்சான். "வெனிசுவேலாவுல புழு இருக்கான்னு களை வேரைத்தான் பாப்பாங்க"ன்னான். எழுந்து போய் ஒரு மணத்தக்காளிச் செடியைப் பெயர்த்து, சாப்பாட்டு மேஜை மேல கொண்டாந்து போட்டான். வேரெல்லாம் குட்டி குட்டியா முடிச்சு. "பாத்தியாம்மா, ஜெபமாலை கோத்த மாதிரி இருக்கு"ன்னான். நான் ஒரு வருஷமா அதைப் பிடுங்கிப் பிடுங்கி முயலுக்குப் போட்டிருக்கேன். வேரை ஒரு நாள் பாக்கலியே.

"காலைலயே வந்துச்சா?"ன்னான். "ஆமா"ன்னேன்.

"பெனிக்னோ, லாரியை எடுத்துக்கிட்டு போயிடு"ன்னான்.

பெனிக்னோ பாவம், தட்டையே பாத்துக்கிட்டு இருந்தான். "இவ்வளவு தூரம் வந்துட்டேன், வேற எதையாவது ஏத்தணுமா? அக்காவை வேணா ஏத்திக்கிட்டுப் போகட்டா?"ன்னான். யாரும் சிரிக்கல.

இதோட செடி அனுப்பறேன். கழுவல. உதறல. மேஜைல போட்ட அதே செடிதான், இன்னும் ரெண்டும் சேத்து. நல்லாப் பாத்துச் சொல்லு. முடிச்சுன்னா எல்லாம் புழுதானா? வேற ஏதாவதா இருக்கக் கூடாதா?

பெட்டி கதவுகிட்டதான் இருக்கு. கயிறு மட்டும் புதுசு.

ஒப்துலியா


லா லகூனா, 5 ஜூன்

அன்புள்ள ஒப்துலியா,

வேர்களைப் பார்த்தேன். ஒரு முடிச்சைப் பிளந்து நுண்ணோக்கியில் வைத்தேன். பெண் புழுக்கள் பேரிக்காய் வடிவில், வெள்ளையாக, வேருக்குள் உட்கார்ந்திருக்கின்றன. பக்கத்தில் முட்டைப் பொதிகள். என் கண்ணை நான் நம்பாததால் சதுர்னினோவையும் பார்க்கச் சொன்னேன். அவன் பார்த்துவிட்டு, "ஐயா, இதுக்கு ரெண்டாவது ஆள் எதுக்கு?" என்றான்.

பருப்புக்கீரையின் வேரிலும் இருக்கிறது. அதில் முடிச்சு மிகச் சிறியது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன், உனக்கு வருத்தமாக இருக்குமே என்று. பிறகு சொல்லாமல் விட்டதால்தான் இவ்வளவும் என்று நினைவுக்கு வந்தது.

தந்தியை மறைத்ததை நினைத்து நீ உன்னையே திட்டிக்கொள்வாய். வியாழனும் வெள்ளியும் சனியும் நான் தந்தி ஆபீஸ் வாசலில்தான் நின்றேன், மூன்று நாளும் திரும்பி வந்தேன். உன் கையில் அது ஒரு காலைப்பொழுதுதான் இருந்தது. என் கையில் அதைவிட நெடுநேரம் இருந்தது.

இப்போது அவசரமாக ஒன்று தெரிய வேண்டும். அந்த இரண்டு லாரி மண்ணைப் புது இடத்தில் எங்கே கொட்டினார்கள்? மேல் மூலையிலா, கீழ் மூலையிலா? மேலே என்றால் பாய்ச்சுகிற தண்ணீரே புழுவைக் கீழே கொண்டுபோய்விடும். லிசார்தோ அந்த மண்மேல் நடந்துவிட்டு, அதே செருப்போடு மற்ற இடத்தில் நடக்கக் கூடாது. மண்வெட்டியும் வேறு வேறாக இருக்க வேண்டும். எந்த மூலையாக இருந்தாலும் அதைச் சுற்றிக் கல் அடுக்கச் சொல். அதில் எதுவும் முளைக்க விடாதே. ஒரு செடிகூட. தின்ன எதுவும் கிடைக்காவிட்டால்தான் புழு சாகும், அதற்கும் நாளாகும்.

மீதி மண்ணை அங்கேயே விட்டுவிடுவதுதான் நல்லது. அப்பாவின் மண்ணை விட்டுவிடு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதிவிட்டேன்.

வேறு மண் வேண்டும். வாழையே பார்க்காத மலை மண். ஆனால் அங்கேயும் உருளைக்கிழங்கு போட்டிருந்தால் வேண்டாம். தக்காளி போட்டிருந்தால் வேண்டாம். மணத்தக்காளி நின்றிருந்தாலும் வேண்டாம். நான் வேண்டாம் வேண்டாம் என்றே எழுதிக்கொண்டிருப்பது எனக்கே தெரிகிறது.

நான் பயப்படாத விஷயம்தான் நடக்கும் என்று சொன்னாய். நீ மண்ணைச் சலிப்பாய் என்று நான் பயப்படவே இல்லை. இப்போது எதற்குப் பயப்படாமல் இருக்கிறேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன்.

எவெலியோ


தாஸாகோர்த்தே, 13 ஜூன்

அண்ணே,

கீழ் மூலை. உன் கடுதாசி கிடைச்சதும் ஓடிப்போய் பாத்தேன், இருக்கிற மூட்டுவலியோட. பெனிக்னோ லாரி மேல ஏறாதுன்னு சோம்பேறித்தனமா கீழேயே கொட்டிட்டான். அவன் சோம்பேறித்தனத்துக்கு நான் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தினேன்.

சுத்திக் கல் அடுக்கியாச்சு. அடுக்கினது நான். லிசார்தோ என்கிட்ட "ஆமா", "இல்ல" தவிர ஒண்ணும் பேசறதில்ல. ஜூலை முதல் வாரம் உங்க தீவுலேர்ந்து வெனிசுவேலாவுக்கு, லா குவைரா துறைமுகம் போற கப்பல் இருக்காம். அதுக்கு இடம் கேட்டு எழுதிப் போட்டிருக்கான். என்கிட்ட சொல்லல. தபால்காரர் சொன்னாரு.

தினமும் சாயங்காலம் அந்த மூலைக்குப் போறேன். ஈரமே இல்லாத மண்ணுலகூட எங்கிருந்தோ ரெண்டு இலை எட்டிப் பாக்குது. பிடுங்கறேன். அப்பா கொண்டாந்த மண்ணுல எதுவும் முளைக்கக் கூடாதுன்னு குந்திக்கிட்டுப் பிடுங்கறேன். மனுஷன் முதுகு ஒடிஞ்சு கொண்டாந்தது இதுக்கா. மீதி மண்ணு பழைய தோட்டத்துலயே கிடக்கு. நிலத்துக்காரர் வந்து பாத்துட்டு, "ஏன் அள்ளல?"ன்னு கேட்டாரு. "உங்களுக்கே இருக்கட்டும்"னேன். நான் ஏதோ தர்மம் பண்றேன்னு நெனச்சுத் தொப்பியைக் கழட்டினாரு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன ஞாயித்துக்கிழமை பெனிக்னோ சர்ச்சு வாசல்ல லிசார்தோவைப் பிடிச்சுக்கிட்டான். "டேய், நீ பேசாம இருந்தா மண்ணு தானா நடந்து வருமா? எல் பாசோவுக்கு மேல என் மாமனார் காடு இருக்கு. பைன் மரத்தடி. அந்தக் கிழவன் பார்லியைத் தவிர எதையும் விதைச்சதில்ல. அதுவும் எனக்குப் பொண்ணு குடுத்த வருஷத்தோட நிறுத்திட்டான், இனிமே உழைக்க மருமகன் இருக்கான்னு"ன்னு சொன்னான். லிசார்தோ சிரிக்கல, ஆனா போனான். நானும் லாரியில ஏறிட்டேன், யாரும் கூப்பிடல.

நல்ல மண்ணு அண்ணே. கறுப்பா, பைன் ஊசி வாசனையோட. நீ சொன்ன கீரை எதுவும் கண்ணுல படல. வேற ஏதேதோ புல்லு, பூண்டு இருந்துச்சு, பேரு தெரியாது. ஒவ்வொண்ணையும் அடியோட பெயர்த்து, மண்ணோட, ஈரத்தாள்ல சுத்தி அனுப்பியிருக்கேன். மண்ணும் தனியா இருக்கு. சல்லடை பக்கமே போகல. அதுல ஒரு பூரான்கூட இருக்கும், பாத்துத் திற.

திரும்பி வரும்போது லாரியில லிசார்தோ முதல் முறையா முழுசா ஒரு வாக்கியம் பேசினான். "மாமா சுத்தம்னு சொன்னா இந்த மண்ணைப் போடறேன். சொல்லலன்னா கப்பல். இனிமே ஒருத்தர் சொல்லுக்காக ரெண்டு தடவ கல்லு உடைக்க மாட்டேன்."

நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியும். தெரியலன்னு சொல்லுவே. இந்த ஒரு தடவ வேற ஏதாவது சொல்லு அண்ணே.

ஒப்துலியா


லா லகூனா, 18 ஜூன்

அன்புள்ள ஒப்துலியா,

பொட்டலம் ஈரம் காயாமல் வந்தது. பூரானும் வந்தது. சதுர்னினோ நாற்காலி மேல் ஏறி நின்றான்.

எல்லா வேர்களையும் பார்த்தேன். மண்ணையும் பார்த்தேன். இந்த முறை மண்ணில் நிறையப் புழுக்கள் நெளிந்தன. பயந்துவிடாதே, அவை இலைமக்கைத் தின்று வாழ்பவை, வேரைத் தொடாதவை. அவற்றைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. உயிருள்ள மண் இப்படித்தான் இருக்கும். முதலில் வந்த மண்ணில் ஒன்றுமே இல்லாததைப் பார்த்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வேர்களில் முடிச்சு இல்லை. முடிச்சுப் புழுவோ, வாழை வேரைத் துளைக்கும் வேறு புழுவோ என் கண்ணில் படவில்லை. மறுநாள் மறுபடியும் பார்த்தேன். சதுர்னினோவும் பார்த்தான்.

லிசார்தோ கேட்கும் சொல்லை எழுதலாம் என்று மூன்று நாளாகத் தாளை எடுத்து எடுத்து வைக்கிறேன். என்னால் எழுத முடியவில்லை. மலையின் ஒரு பக்கத்திலிருந்து நீ கொண்டுவந்த சில கைப்பிடி மண்ணில் இல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பெனிக்னோ மண்வெட்டி போடப்போகிற இடத்தில் என்ன இருக்கிறது என்று இங்கே ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டு என்னால் சொல்ல முடியாது. ஒருமுறை அப்படிச் சொன்னேன். அவன் அதை இரண்டு முறை சத்தமாகப் படித்தான் என்று எழுதியிருந்தாய். அந்த வரி என்னைத் தூங்க விடுவதில்லை.

சொல்லவில்லை என்றால் அவன் போய்விடுவான். அதுவும் எனக்குத் தெரியும்.

ஆகவே அவனிடம் இதைச் சொல். அவன் கேட்ட சொல்லை நான் அனுப்பவில்லை. நானே வருகிறேன். இருபத்தெட்டாம் தேதி, வியாழக்கிழமைக் கப்பலுக்குச் சீட்டு வாங்கிவிட்டேன். மலைக்குப் போய், அள்ளப்போகிற இடத்தில் அங்கங்கே தோண்டி, என் கையால் வேரைப் பார்க்கிறேன். சந்தேகமான இடம் இருந்தால் அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் அள்ளுவோம். மண்ணைப் பரப்பிய பிறகும் இருக்கிறேன். முதல் வருஷம் களை எதுவும் தங்கக் கூடாது. பிடுங்குவதற்கு ஓர் ஆள் கூடுதலாக இருந்தால் நல்லதுதானே. என் முதுகு எவ்வளவு தாங்கும் என்று தெரியாது. கப்பலில் என்ன ஆகும் என்பது தெரியும்.

லிசார்தோ அதுவரை காத்திருப்பானா? அவனை வற்புறுத்தாதே. கேட்டுப் பார்.

நான் வருவது உங்களுக்கு இடைஞ்சலாக இருக்குமென்றால் தயங்காமல் எழுது. சீட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள்.

எவெலியோ


தாஸாகோர்த்தே, 23 ஜூன், சான் ஹுவான் திருநாளுக்கு முந்தின நாள்

அண்ணே,

சீட்டை மாத்தினே, நானே கப்பல் ஏறி வந்து உன்னைக் காதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வருவேன்.

உன் கடுதாசியை வியாழக்கிழமை லிசார்தோகிட்ட கொடுத்தேன். சத்தமா படிக்கல, நின்னுக்கிட்டே படிச்சான். நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டேன். அவன் முகத்தைப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல. அப்புறம், "அம்மா, மாமா கப்பல் ஏறப்போறாரா?"ன்னான்.

"அப்படித்தான் எழுதியிருக்கார்."

"நம்ம மாமாவா? துறைமுகத்தைப் பாத்தாலே வாந்தி எடுப்பாரே, அவரா?"

"அவரேதான்."

கடுதாசியை மடிச்சுச் சட்டைப் பையில போட்டுக்கிட்டான். "அப்ப நல்ல மண்ணுதான்"னான்.

நேத்தே பெனிக்னோ முதல் லாரி கொண்டாந்துட்டான். நாங்க வேர் எடுத்தோமே, அதே இடத்துலேர்ந்து. மத்த இடத்தை நீ வந்து காட்டினப்புறம்தான் அள்ளணும்னு லிசார்தோ சொல்லிட்டான். "உங்க மாமா வர்றதுக்குள்ள நான் கிழவனாயிடுவேன்"னு பெனிக்னோ புலம்பறான். கப்பலுக்கு இடம் வேண்டாம்னு எழுதிப் போட்டாச்சு. இதையும் தபால்காரர்தான் சொன்னாரு. அந்த மனுஷன் இல்லன்னா என் வீட்டுல நடக்கறது எனக்கு எதுவும் தெரியாது.

பழைய தோட்டத்துல நின்ன கீரை, பூண்டு அத்தனையும் நானும் லிசார்தோவுமா வேரோட பிடுங்கிட்டோம். மண்ணு போனாப் போகுது, நம்ம புழு பக்கத்துத் தோட்டத்துக்குப் போய் அவங்க வயித்துல அடிக்க வேண்டாம்னு. எல்லாத்தையும் குவிச்சு வெச்சிருக்கோம், இன்னைக்கு ராத்திரி சான் ஹுவான் நெருப்புல போடப்போறோம். மத்தவங்க பழைய நாற்காலியைப் போட்டு எரிக்கறாங்க, நாங்க மணத்தக்காளியை எரிக்கறோம். ஊரே வேடிக்கை பாக்கும், பாக்கட்டும்.

முயலுங்க இப்ப மலைப்புல்லுதான் தின்னுது. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திங்குது. கொழுத்த முயல் ஒண்ணு நேத்து ராத்திரி குட்டி போட இடம் தேடி வீட்டுக்குள்ள ஓடி வந்துடுச்சு. லிசார்தோ என்ன பண்ணான் தெரியுமா? பெட்டில இருந்த சட்டையெல்லாம் எடுத்து அலமாரில வெச்சுட்டு, பெட்டியை அதுக்குக் குடுத்துட்டான். கயித்தை எடுத்து வாழைக்கு முட்டுக் கட்டறதுக்கு மாட்டி வெச்சிருக்கான். நான் ஒண்ணும் சொல்லல. சொன்னா கெட்டுடுமோன்னு பயம். உன் பயம் எனக்கும் ஒட்டிக்கிச்சு.

கடைசியா ஒண்ணு. புது இடத்து வாசல்ல நான் ஒரு தொட்டி கட்டியிருக்கேன். தண்ணி நிறைஞ்சு இருக்கும். யாரா இருந்தாலும், பெனிக்னோவா இருந்தாலும் பாதிரியாரா இருந்தாலும், செருப்பை உதறி, அதுல கழுவிட்டுத்தான் உள்ள கால் வைக்கணும். நீயும்தான். ஆராய்ச்சி நிலையத்து மண்ணை ஒட்டிக்கிட்டு வந்து என் பையன் தோட்டத்துல விடாதே.

உனக்கு முடியலன்னா குனிய வேண்டாம். காலை நீட்டு, நான் கழுவி விடறேன். இப்ப எதைக் கழுவணும், எதைக் கழுவக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்.

ஒப்துலியா